உங்கள் ஊர்க் கலைக்குத் திட்ட வரைபடத்தில் இடம் கேட்பது எப்படி? குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மயிலாடி வழியாகப் போனால் சாலையோரக் கல் பட்டறைகள் கண்ணில் படாமல் இருக்காது. பாதி செதுக்கிய நந்தி, இன்னும் முகம் வராத அம்மன், வெள்ளைத் தூசியில் உட்கார்ந்து உளி பிடிக்கும் மனிதர்கள். தோவாளையில் பொழுது விடியும் முன்பே பூச்சந்தை கூடிவிடும். வடசேரியில் கோயில் நகை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. இந்த மூன்று ஊர்களின் பெயரும் மாவட்டத்தைத் தாண்டித் தெரியும்.

இனி ஒரு நகரத் திட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அதில் நிறங்கள்தான் இருக்கும். பொதுவாக மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில், சிவப்பு பொது நிறுவனங்கள், பச்சை விவசாயம். சிற்பத்துக்கு என்று ஒரு நிறம் கிடையாது. மாலை கட்டுவதற்கும் கிடையாது. அடுத்த இருபது ஆண்டுகள் எங்கே என்ன கட்டலாம், எந்தச் சாலை அகலமாகும் என்பதை முடிவு செய்வது அந்த வரைபடம். அதில் இல்லாத ஒன்று கண்முன்னே இருந்தாலும் திட்டத்தின் கணக்கில் காலி இடம்தான்.

அந்த வரைபடத்தில் நம் ஊரின் கலைக்கும் தொழிலுக்கும் இடம் கேட்பது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நகரமைப்பு படித்தவர்களுக்காக எழுதவில்லை. ஆசிரியர், கல்லூரி மாணவர், வார்டு உறுப்பினர், பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கு ஊர் மேல் அக்கறை இருக்கிறதோ அவர்கள் செய்யக்கூடிய வேலைதான் இது.

தொடங்கும் முன் இரண்டு சொற்கள்

முதல் சொல் பண்பாட்டுத் தொகுப்பு. அதிகாரிகள் பேச்சில் 'கல்ச்சுரல் க்ளஸ்டர்'. பலர் இதைக் கேட்டதும் ஒரு பெரிய கலையரங்கத்தையோ கைவினைப் பொருள் விற்கும் வளாகத்தையோ நினைத்துக்கொள்கிறார்கள். அது கட்டடம், தொகுப்பு வேறு. ஒரே கலையை அல்லது தொழிலைச் செய்பவர்கள் பக்கம் பக்கமாக இருப்பதும், அவர்களுக்கு வேண்டிய எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைப்பதும்தான் தொகுப்பு. மயிலாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிற்பி மட்டும் இருந்தால் போதாது. மழுங்கிய உளியை அடித்துக் கூராக்கித் தரும் கொல்லன் பட்டறை வேண்டும். கல்லை இறக்க லாரி வந்து திரும்பும் அகலத்தில் சாலை வேண்டும். ஆசானிடம் கற்றுக்கொள்ளும் பையன் தங்க வாடகை குறைவான ஓர் அறை வேண்டும். சிலைக்குச் சொல்லிவைக்க வரும் கோயில்காரர்களுக்கு வழி தெரிய வேண்டும். இதில் ஒன்றை உருவினாலும் மற்றவை ஆட்டம் காணும்.

இரண்டாவது சொல் பெருநகர்ப் பகுதி. 1992-இல் வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, பத்து லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும், இரண்டோ அதற்கு மேலோ நகராட்சிகளோ ஊராட்சிகளோ அடங்கிய பகுதியை ஆளுநர் பெருநகர்ப் பகுதியாக அறிவிக்கலாம். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் அந்த நகரத்தின் மக்கள்தொகை 2.25 லட்சத்துக்குச் சற்றுக் குறைவுதான். அப்படியானால் பெருநகர் என்ற பேச்சு நமக்கு எதற்கு என்று தோன்றும்.

மாவட்டத்தை மொத்தமாகப் பாருங்கள். 2011-இல் 18,70,374 பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். பத்தில் எட்டுப் பேர் நகர்ப்புறம் என்று கணக்கிடப்பட்ட இடங்களில் இருந்தார்கள். கன்னியாகுமரியிலிருந்து களியக்காவிளை வரை பேருந்தில் போனால் ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பலகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு பெரிய நகரம் இல்லாமலே ஒரு பெருநகரத்தின் நெரிசல் நமக்கு வந்துவிட்டது. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்களுடைய மருத்துவமனை, வேலை, சந்தை எல்லாம் பாதிக்குப் பாதி திருவனந்தபுரத்தை நம்பித்தான் இருக்கிறது. நிலத்தின் விலையையும் அதுதான் ஏற்றுகிறது. ஆனால் திட்டம் போடும் சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. அழுத்தம் ஒரு நகரத்திலிருந்து வர, அதைத் தாங்க வேண்டிய வரைபடம் இன்னொரு மாநிலத்தில் தயாராகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: உங்கள் இடம் யாருடைய கையில் இருக்கிறது என்று பாருங்கள்

முதலில் உள்ளாட்சி. உங்கள் தெரு மாநகராட்சியிலா, நகராட்சியிலா, பேரூராட்சியிலா, கிராம ஊராட்சியிலா? நம் மாவட்டத்தில் ஏறக்குறைய ஐம்பது பேரூராட்சிகள் இருப்பதால் இந்தக் கேள்வி முக்கியம். பார்க்கக் கிராமம் போல இருக்கும் பல ஊர்கள் சட்டப்படி பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது.

அடுத்தது, உங்கள் வருவாய்க் கிராமம் ஏதாவது ஒரு திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்பது. நாகர்கோவில் உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் எல்லைக்குள் வந்தால், முழுமைத் திட்டம் என்று அழைக்கப்படும் மாஸ்டர் பிளான் உங்களுக்குப் பொருந்தும். வெளியே என்றால், நிறம் தீட்டிய வரைபடமே இல்லாமல் இருக்கலாம். அனுமதிகள் நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகம் வழியாகவும் உள்ளாட்சி வழியாகவும் ஒவ்வொன்றாகப் போகும். நாகர்கோவிலில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போய், கிராமத்தின் பெயரைச் சொல்லி, "இந்தக் கிராமம் எந்தத் திட்டப் பகுதியில் வருகிறது?" என்று கேளுங்கள். வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்துவிட வேண்டாம். பதில் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். முப்பது நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

படி 2: நடந்து பாருங்கள், வேறு வேறு நேரத்தில்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். அதிகாரியின் மேசையில் இல்லாத தகவல் உங்கள் காலடியில்தான் கிடைக்கும்.

ஒரு தொகுப்பைக் குறைந்தது மூன்று வேளைகளில் பார்க்க வேண்டும். தோவாளைக்குக் காலை பத்து மணிக்கு மேல் போனால் பெரும்பாலான வியாபாரம் முடிந்திருக்கும். விடியலுக்கு முன் போனால்தான் எந்த வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே நிறுத்துகிறார்கள், பிச்சிப்பூ மூட்டை யார் கைக்கு மாறுகிறது என்பதெல்லாம் தெரியும். ஓணத்துக்கு முந்தைய நாட்களில் போனால் அதே இடம் பல மடங்கு விரியும். கேரளத்துக்குப் போகும் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். சாதாரண நாளில் மட்டும் அளந்து, இவ்வளவு இடம் போதும் என்று ஒரு திட்டம் முடிவு செய்தால், வருடத்தில் நல்ல வருமானம் வரும் அந்த நாட்களில்தான் சந்தைக்கு அடி விழும்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை பேர், சொந்த இடமா வாடகையா, வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கிறதா, பொருள் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தொந்தரவு. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கல் வெட்டும் கட்டரின் தூசி உண்மையான பிரச்சினை. வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் அது கேடுதான். அதை நீங்களே எழுதிக்கொண்டு போனால்தான், தூசிக்கு வழி கேட்கிறோம், இடத்தை மாற்றச் சொல்லவில்லை என்று நின்று பேச முடியும். வேறு யாராவது அதைக் கிளப்பினால், "ஊருக்கு வெளியே தள்ளு" என்பதுதான் முதல் தீர்வாக வரும்.

ஒரு சிற்பியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, எல்லாருக்கும் ஒரே வளாகத்தில் கொட்டகை போட்டுக் கொடுத்தால் போவீர்களா என்று கேட்டேன். உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, கொட்டகையை எங்க வேணும்னாலும் போடலாம். வீட்டுக்காரி சோறு கொண்டு வரணும், பயலு பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்துல இருந்து பாக்கணும். அதையும் சேத்துக் கொண்டு போவ முடியுமா?" அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதால்தான் கலை அடுத்த தலைமுறைக்குப் போகிறது. எந்தப் பயிற்சி நிலையத்திலும் இதை நடத்த முடியாது என்றே நான் நம்புகிறேன்.

படி 3: பாதையையும் தொகுப்பாக எழுதுங்கள்

வெளியூர் நிபுணர் வரைந்தால் தவறவிடக்கூடிய விஷயம் இது. குமரியில் சில தொகுப்புகள் ஓரிடத்தில் இருக்கின்றன. சில தொகுப்புகள் நடக்கின்றன.

சிவராத்திரி நேரத்துச் சிவாலய ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். முன்சிறைக்குப் பக்கத்தில் உள்ள திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிகிறது. பன்னிரண்டு சிவாலயங்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல். 'கோவிந்தா கோபாலா' என்று சொல்லிக்கொண்டே காவி உடுத்தி விசிறியுடன் ஓடுகிறார்கள். வழி நெடுக மோரும் பானகமும் கஞ்சியும் கொடுக்க ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, இரண்டு மாநிலங்களைக் கடக்கும் ஊர்வலம் அது. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 வரை நடக்கும்போது அந்த வட்டாரம் முழுவதும் வேறு ஊராக மாறிவிடுகிறது. தக்கலை பீர்முகமது அப்பா தர்காவில் ஞானப்புகழ்ச்சி பாடும் இரவுக்கு எத்தனை ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்! சாஸ்தா கோயிலிலும் அம்மன் கோயிலிலும் நடக்கும் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டுக் குழுக்கள் ஊர் ஊராகப் போகின்றன. அவர்களுக்குப் பட்டறை கிடையாது. கோயில் முற்றமும் அதன் முன் உள்ள திறந்த வெளியும்தான் அவர்களுடைய மேடை.

சாலையை அகலப்படுத்தும்போது இந்தப் பாதைகளில் முதலில் காணாமல் போவது நிழல் மரம், பிறகு பழைய கல்மண்டபம், சுமைதாங்கிக் கல், கிணறு. இவை ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்று கைப்பேசியின் ஜிபிஎஸ் புள்ளியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு படம், தேதியோடு. பாதை எந்தெந்த உள்ளாட்சிகள் வழியாகப் போகிறது என்ற பட்டியலும் வேண்டும். ஒரு பேரூராட்சி மட்டும் காப்பாற்றினால் பாதை நிலைக்காது.

படி 4: உங்கள் நோட்டையும் அரசு வரைபடத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்

இங்கே தேவைப்படுவது புல எண், அதாவது சர்வே நம்பர். பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவுப் படம்) ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். ஒவ்வொரு பட்டறைக்கும் நேராகப் புல எண்ணையும் உட்பிரிவையும் எழுதுங்கள். பிறகு முழுமைத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்த எண்கள் எந்த நிறத்தில் விழுகின்றன என்று பாருங்கள். நிறத்துக்கு அர்த்தம் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் குறிப்பில் இருக்கும். ஊகித்துக்கொள்ள வேண்டாம்.

பெரும்பாலும் மூன்று முரண்பாடுகள் கண்ணில் படும். வீட்டோடு சேர்ந்த பட்டறை குடியிருப்புப் பகுதி என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே இயந்திரம் வைக்கவோ மின் இணைப்பைக் கூட்டவோ போகும்போது சிக்கல் வரும். மக்கள் ஊர்ப்பொது இடமாகப் பயன்படுத்தும் மைதானம் தனியார் பட்டாவாகவோ வணிகப் பகுதியாகவோ இருக்கும். மூன்றாவது, முன்மொழியப்பட்ட சாலையின் கோடு பட்டறைகளின் வாசல் வழியாகவே போகும். மூன்றாவதைக் கண்டால் உடனே அடுத்த படிகளுக்குப் போங்கள், காத்திருக்க வேண்டாம்.

வேறு சட்டங்களும் இதே நிலத்தின் மேல் விழுகின்றன. இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் என்றால், அதிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். சிதறால் மலையும் திருநந்திக்கரைக் குடைவரையும் வட்டக்கோட்டையும் இந்த வகை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. அதைச் சுற்றி ஏதாவது கேட்பதென்றால் இரண்டு பக்கமும் கடிதம் போக வேண்டும். மலையோரக் கிராமங்களில் சிலவற்றுக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் பொருந்தும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிகள் வருகின்றன. மீனவர் குடியிருப்பு, மீன் உலர்த்தும் இடம், வள்ளம் ஏற்றிவைக்கும் மணல், வலை பின்னும் நிழல் போன்ற பொது இடங்களை அந்த வரைபடத்தில் குறிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முட்டத்திலோ குளச்சலிலோ தூத்தூரிலோ கடற்கரை வெறும் காட்சி இல்லை, அது வேலைத்தளம். சுற்றுலாத் திட்டம் வரைபவர்களுக்கு அந்த மணல் காலியாகத்தான் தெரியும்.

படி 5: என்ன கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

"எங்கள் கலையைக் காப்பாற்றுங்கள்" என்பது ஒரு கோரிக்கை ஆகாது. அதை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரியால் எதையும் எழுத முடியாது.

முதலில் எதை நம்பி ஏமாறக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். புவிசார் குறியீடு. நாகர்கோவில் கோயில் நகைக்கு அது இருக்கிறது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கு இருக்கிறது. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இலும் தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-இலும் கிடைத்தது. எல்லாருக்கும் பெருமைதான். ஆனால் அந்தச் சட்டம் பெயரைத்தான் காக்கிறது. வேறு ஊரில் செய்த மாலையைத் தோவாளை மாணிக்கமாலை என்று விற்க முடியாது, அவ்வளவுதான். மாலை கட்டும் வீடு இருக்கும் தெருவுக்கும் அந்தக் குறியீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. தெரு போய்விட்டால் குறியீடு மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது ஏமாற்றம் பெயர் சூட்டல். தென்கொரியாவின் சியோல் நகரத்தில் 2002-இல் இன்சாதோங் பகுதியையும் 2004-இல் சிறு நாடக அரங்குகள் நிறைந்த தேஹாங்னோ பகுதியையும் பண்பாட்டு மாவட்டங்களாக அறிவித்தார்கள். பெயர் வந்ததும் கூட்டம் வந்தது, கூட்டத்தோடு வாடகையும் ஏறியது. தேஹாங்னோவில் அந்தப் பெயருக்குக் காரணமாக இருந்த சிறு அரங்குகள் பலவும் வாடகை கட்ட முடியாமல் மூடின, இடம் மாறின. சலுகை கட்டட உரிமையாளரோடு நின்றுவிட்டால் கலைஞருக்கு வந்து சேராது. நம் ஊரில் பட்டறைக்காரர்களில் வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று படி 2-இல் எழுதச் சொன்னது இதற்காகத்தான். வாடகைக்காரர் அதிகம் என்றால், சுற்றுலாப் பலகை கேட்கும் முன் உள்ளாட்சிக்குச் சொந்தமான இடத்தில் நீண்ட காலக் குத்தகைக் கடைகள் கேளுங்கள்.

சரி, கேட்கக்கூடியவை எவை? வீடும் பட்டறையும் சேர்ந்த பயன்பாட்டை அந்தப் புல எண்களில் அனுமதிக்கும்படி கலப்புக் குடியிருப்பாகக் குறிக்கச் சொல்லலாம். அந்தத் தெருக்களுக்கு மட்டும் விரிவான வளர்ச்சித் திட்டம் ஒன்று தயாரிக்கக் கோரலாம். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைக் காக்கும் ஏற்பாடுகளையும் அதில் சேர்க்கலாம். லாரி நிற்க ஒதுக்கிடம், தூசிக்குத் தண்ணீர்த் தெளிப்பு, மும்முனை மின்சாரம் கேட்கலாம். ஊர்வலப் பாதையின் மரங்களையும் கல்மண்டபங்களையும் சாலைத் திட்டத்தின் பட்டியலில் ஏற்றச் சொல்லலாம். பொது வசதி மையம் கேட்பதென்றால், கைவினைக்கும் மரபுத் தொழிலுக்கும் உள்ள மத்திய, மாநில க்ளஸ்டர் திட்டங்கள் வழியாக மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். அது நகரமைப்பு அலுவலகத்தின் வேலை இல்லை.

சந்தைகளுக்கும் திருவிழாக் கடைகளுக்கும் 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் நல்ல துணை. மரபாக விற்பவரும் வாங்குபவரும் கூடும் இடத்தை அந்தச் சட்டம் இயற்கைச் சந்தை என்று அடையாளம் காண்கிறது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினராக இருக்க வேண்டும். உங்கள் உள்ளாட்சியில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கே சில இடங்களில் வேலை நகரும்.

படி 6: கடிதம்

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால், ஆட்சேபமும் ஆலோசனையும் எழுத்தில் கொடுக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழிலும் வரும். யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். எனவே நோட்டும் புல எண் பட்டியலும் வரைவு வரும் முன்பே தயாராக இருக்க வேண்டும். வந்த பிறகு தொடங்கினால் இரண்டு மாதம் எப்படிப் போனது என்றே தெரியாது.

நான் முதன்முதலில் எழுதிய கடிதம் நான்கு பக்கம். கலையின் வரலாறு, ஊரின் பெருமை, ராஜா காலத்துக் கதை எல்லாம் இருந்தது. புல எண் ஒன்றுகூட இல்லை. பதிலே வரவில்லை. அடுத்த முறை ஒரே பக்கம் எழுதி, பட்டியலும் வரைபடமும் இணைத்தேன். இரண்டு வாரத்தில் ஓர் உட்பிரிவு எண்ணைச் சரிபார்க்கச் சொல்லிக் கேள்வி வந்தது. கேள்வி வந்தது என்றால் யாரோ படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கீழே உள்ள அமைப்பு எனக்குப் பயன்பட்டது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஐயா / அம்மா,

____ வட்டம், ____ வருவாய்க் கிராமம், புல எண்கள் ____ முதல் ____ வரை உள்ள இடங்களில் ____ ஆண்டுகளாக ____ தொழில் நடந்து வருகிறது. இதில் ____ குடும்பங்கள் ஈடுபட்டுள்ளன. இவற்றில் ____ பட்டறைகள் வீட்டோடு சேர்ந்தவை. வரைவுத் திட்டத்தில் இந்த இடங்கள் ____ பகுதியாகக் காட்டப்பட்டுள்ளன. இதனால் ____ பாதிக்கப்படும். எனவே இப்புல எண்களை ____ ஆக மாற்றிக் குறிக்கவும், ____ மீட்டர் அகலச் சாலைக் கோட்டை ____ பக்கமாக நகர்த்தவும் கேட்டுக்கொள்கிறோம். தூசி, சத்தம் குறித்து அருகில் குடியிருப்பவர்களுடன் பேசி நாங்கள் ஏற்றுக்கொண்ட நேரக் கட்டுப்பாடு இணைப்பில் உள்ளது.

இணைப்பு: பட்டறைப் பட்டியல், புலப்பட நகல், படங்கள், கையொப்பங்கள்."

எத்தனை ஆண்டுகள் என்ற இடத்தில் நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள். பழைய மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, கோயில் கணக்கில் உள்ள சிலைச் செலவு, பள்ளிவாசல் அல்லது பங்குப் பதிவேடு எல்லாம் சான்றுதான். "ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்" என்று சான்றில்லாமல் எழுதினால் மீதி வரிகளின் மேலும் சந்தேகம் விழும். கையொப்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தால் கடிதத்துக்கு வலு கூடும். பெண்களின் வேலை பட்டியலில் விடுபடாமல் பாருங்கள். பூ கட்டுவது, லேஸ் பின்னுவது, ஓலை முடைவது எல்லாம் வீட்டுக்குள் நடப்பதால், கணக்கெடுக்கப் போகிறவர்கள் வாசலில் நிற்கும் ஆண்களோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

படி 7: சபையில் பேசுங்கள்

கிராம ஊராட்சி என்றால் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் 1 தமிழகத்துக்கு உள்ளாட்சி நாள், நமக்கு 1956-இல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாளும்கூட. பேரூராட்சியிலும் நகராட்சியிலும் மாநகராட்சியிலும் இருப்பவர்கள் வார்டு குழுவையும் பகுதி சபாவையும் கேட்டு வாங்க வேண்டும். எப்போது நடக்கிறது என்று உங்கள் வார்டு உறுப்பினரிடமே கேளுங்கள்.

தீர்மானத்தை நீங்களே இரண்டு வரியில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் பேசி முடித்தால் தீர்மானப் புத்தகத்தில் "பொதுமக்கள் கருத்துத் தெரிவித்தனர்" என்று ஒரு வரி வரும், அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "இன்ன புல எண்களில் உள்ள பட்டறைகளைப் பண்பாட்டுத் தொகுப்பாக முழுமைத் திட்டத்தில் குறிக்க இச்சபை பரிந்துரைக்கிறது" என்று எழுதி, புத்தகத்தில் ஏற்றும் வரை அங்கேயே இருங்கள். பாதைத் தொகுப்பு என்றால் பாதை தொடும் ஒவ்வொரு ஊராட்சியிலும் அதே வாசகம் வர வேண்டும். ஒரே நாளில் எல்லா ஊரிலும் கூட்டம் நடக்கும், ஆகவே ஊருக்கு ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடிதத்தின் இரண்டு நகல்களை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடுங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதிவுத் தபாலிலும் ஒன்று போகட்டும். திட்டத்தின் இறுதி வடிவம் வந்ததும் உங்கள் புல எண்களின் நிறத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாறவில்லை என்றால், ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்பட்ட கோப்பில் உங்கள் கடிதத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். முத்திரை குத்திய அந்த நகலின் தேதியையும் மனுவில் குறிப்பிடுங்கள்.